என்கிட்ட இருக்கு, என்னோடது இல்ல

“கண்ணாடியில கீறல் ரெண்டு. அஞ்சாம் பட்டன்ல எழுத்து அழிஞ்சு போயிருக்கு. பின்மூடி இல்ல, ரப்பர் பேண்டு போட்டிருக்கு. ஒத்துக்கிறீங்களா?”

பிசிவிக் கலோங்கா போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் திருப்பி, கோர்ட்டு குமாஸ்தா மாதிரி படித்துக்கொண்டிருக்கிறார். எதிரே நிற்கும் மீன்காரிக்குத் தலையில் கூடை கனக்கிறது. “ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன். நேத்தும் இதே ரெண்டு கீறல்தானே இருந்துச்சு?” என்கிறாள். அந்தப் பேச்செல்லாம் அவரிடம் செல்லாது. நேற்று வந்தது நேற்றைய போன். இன்று வந்திருப்பதை இன்றுதான் பார்க்க வேண்டும். அவள் வாயால் இன்னொரு முறை “ஒத்துக்கிறேன்” என்று சொல்லக் கேட்ட பிறகுதான், போனை அணைத்து, துணியால் துடைத்து, பலகை அறைக்குள் வைப்பார்.

ம்குயு சந்தையில், மீன் காயவைக்கும் பந்தல்களுக்கும் ஜைலோசியின் முடிவெட்டும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய கடை. நீலச் சாயம் அடித்த பலகைக் கூண்டு, கூரையில் இரண்டு சோலார் தகடுகள், உள்ளே புறாக்கூண்டு போல நாற்பது அறைகள். ஊருக்கு மின்கம்பி வந்து பல வருடம் ஆகிறது. மின்சாரம்தான் நினைத்தபோது வந்துபோகிறது. ஆகவே சுற்றுவட்டார போன்கள் எல்லாம் காலையில் அவரிடம் வந்து, வயிறு நிரம்பி, மாலையில் வீடு திரும்புகின்றன.

பழைய ரப்பர் செருப்புதான் அவருடைய ரசீதுப் புத்தகம். விரல் நீளத்துக்குத் துண்டு போட்டு, இரு முனையிலும் ஒரே எண்ணைச் சூட்டாணியால் பொறித்து, நடுவில் கோணல்மாணலாக வெட்டுவார். ஒரு பாதி போனோடு கட்டப்படும், மறுபாதி சொந்தக்காரர் கைக்குப் போகும். மாலையில் இரண்டு பாதியையும் வைத்துப் பார்த்து, வெட்டு வெட்டோடு பொருந்தினால்தான் போன் வெளியே வரும். துண்டு தொலைந்துபோனால் கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் மூன்று சாட்சிகளோடு வர வேண்டும். தம்பி ஒருமுறை வந்தார், மூன்று சாட்சிகளோடு. சாட்சிகளில் ஒருவர் அவர்களுடைய அம்மா.

“என்கிட்ட இருக்கு, என்னோடது இல்ல.” ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இதைச் சொல்வார். தங்கையிடம் ஒரு நிமிஷம் பேச யாருடைய போனையாவது கொடுக்கும்படி மனைவி கேட்டபோதும் இதைத்தான் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவருக்குக் குழம்பில்லாத சிமாக் களிதான் கிடைத்தது; அதையும் சாப்பிட்டார். எங்கள் பேச்சில் ஒரு பொருளை ‘வைத்திருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது, ‘அதனோடு இருக்கிறேன்’ என்றுதான் சொல்ல முடியும். மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போகிற அந்த வார்த்தையை அவர் ஒருவர்தான் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து மாலைவரை அவர் போன்களோடு இருக்கிறார், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, அவருக்கென்று ஒரு போன் கிடையாது. இருந்ததை விற்றுவிட்டார். “நம்ம சாமான் ஒண்ணு உள்ள கிடந்தா, எது நம்மளுது எது ஊராருதுன்னு கைக்கு மறந்துபோயிடும்” என்பது அவர் கட்சி. மேகம் போட்டால் பயம், வெயில் ஏறினால் சூட்டில் பேட்டரி உப்புமோ என்று பயம். மணிக்கொரு தரம் எழுந்து, ஒவ்வொரு அறையிலும் விரல் வைத்து எண்ணிப் பார்ப்பார். எண்ணி முடித்துவிட்டு, சரியாக எண்ணினோமா என்று இன்னொரு முறை எண்ணுவார். பொடிமீன் சாப்பிடுவதென்றால் வெளியே போய், கடைக்கு முதுகைக் காட்டாமல் நின்றபடியே சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இந்தப் பயத்துக்கு ஒரு பிறப்பு உண்டு. ஒன்பது வருடம் முன்பு, கடை போட்ட புதிதில், ஒரு மத்தியானம் ஓர் ஆள் வந்து தன் மனைவியின் போனைக் கேட்டான். துண்டு கையில் இல்லை. “என் பொண்டாட்டியோடதுன்னா என்னோடதுதானே, அண்ணே?” என்று சிரித்தான். அவன் முகம் தெரிந்த முகம். பிசிவிக்கும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். மறுநாள் காலை அந்தப் பெண் வந்தார். இடது கண் மூடிப்போகும் அளவுக்கு வீங்கியிருந்தது. போனுக்குள் அவன் எதைப் படித்தான், எதற்குச் சந்தேகப்பட்டான் என்று அவர் சொல்லவில்லை. சேலைபோலச் சுற்றியிருந்த சித்தெஞ்சேயின் முடிச்சை அவிழ்த்து, செருப்புத் துண்டை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

“இது என்கிட்டதானே அண்ணே இருந்துச்சு” என்றார். துண்டைப் பலகைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் ஊரில் வந்து வாழ்கிறவன். தாய்மாமன்கள் கூடிப் பேசி, பாயையும் கோடரியையும் கையில் கொடுத்து அவனை அவன் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் இரண்டு மகள்களோடு தன் வயலில் தானே உழைத்து நின்றார். பெரியவள் பெயர் தியாமிகே. அதனால் ஊருக்கு அவர் தியாமிகே அம்மா. ஒரு மாதம் கழித்து மறுபடி தன் போனைப் பிசிவிக்கிடமே கொண்டுவந்தார். அன்றைக்குப் பிசிவிக் அந்த அம்மா காலில் விழாத குறைதான். அதுவரை முழுசாகக் கொடுத்துவந்த துண்டுகளை இரண்டாக வெட்டிப் பொருத்துகிற வழக்கம் அன்றுதான் ஆரம்பமானது. அந்த நாளைப்பற்றி அந்த அம்மா இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும் என்று பிசிவிக் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த ஜனவரி மழையில், மின்சாரம் போய் நான்கு நாளாகியிருந்த ஒரு காலையில், தியாமிகே அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். தியாமிகே தலைப்பிரசவத்துக்குப் போமாவில், ஜில்லா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், துணைக்குச் சின்னவள் லொவெனி. இரண்டு வாரம் கூட இருந்த அம்மா, மாவும் கடலையும் எடுத்துப்போக முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில் போன் செத்துவிட்டது. கீறல்களைப் படிக்க ஆரம்பித்த பிசிவிக்கை அவர் நிறுத்தினார்.

“எல்லாத்தையும் ஒத்துக்கிறேன் அண்ணே. ஒண்ணு மட்டும் செய்யுங்க. சார்ஜ் ஏறுனதும் உயிர் குடுத்து வையுங்க, அணைக்காதீங்க. இதை அணைச்சா அப்புறம் முளைக்கவே முளைக்காது. அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். மத்தியானம் வந்து வாங்கிக்கிறேன்.”

அணைக்காத போனை அவர் கடையில் வைத்ததே இல்லை. மணி அடிக்கிற போன் என்றால் யாரோ ஒருவர் வீட்டு வாய் திறந்து கிடப்பது மாதிரி அவருக்கு. ஆனால் கேட்டது தியாமிகே அம்மா. இருபத்திரண்டாம் அறையில் வைத்து, அரை செருப்புத் துண்டைக் கொடுத்தார். அந்த அம்மா அதை முடிந்துகொண்டு ஆற்றங்கரை வயலுக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அது ஒரு மணி அடித்து ஓய்ந்தது.

எங்கள் ஊரில் போன் அடிப்பது பேசுவதற்கு என்று யாரும் நினைப்பதில்லை. எல்லாம் மிஸ்டு கால்தான். வீட்டுக்கு வீடு ஒரு குறி. மீன்காரிக்கு ஒரு மணி என்றால் படகு கரைசேர்ந்தது, வாத்தியார் வீட்டில் அதே ஒரு மணிக்குச் சாப்பாடு ஆயிற்று என்று அர்த்தம். எடுத்தால் கூப்பிட்டவரின் பேலன்ஸ் கரைந்துவிடும். எடுத்தவரை அந்த வீட்டார் பரம்பரைக்கும் திட்டுவார்கள். ஆகவே தியாமிகே வீட்டு ஒரு மணிக்கு என்ன பொருள் என்று பிசிவிக்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதும் சரியில்லை. ஓர் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுவைத்தார்.

பத்தரைக்கு மறுபடி அடித்தது, இந்த முறை மூன்று மணி. மூன்று கோடு. பதினொன்றுக்கு முன்னால் மறுபடி மூன்று. பிசிவிக் எழுந்து எண்ணினார், முப்பத்தெட்டு. உட்கார்ந்தார். சாலையைப் பார்த்தார். தியாமிகே அம்மா வருவதாகத் தெரியவில்லை. மத்தியானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாலாவது தடவை போன் வாயைத் திறந்ததும் எடுத்துவிட்டார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் இன்றைக்கும் “கை எடுத்துடுச்சு” என்றுதான் சொல்கிறார்.

“அம்மா, ஏம்மா எடுத்தே? சொட்டுதான் இருக்கு. அக்காவ உள்ள கூட்டிட்டு...” என்றது சின்னப் பெண்ணின் குரல். அதோடு பேலன்ஸ் தீர்ந்து அறுந்துவிட்டது.

பிசிவிக் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். அந்தப் பெண்ணிடம் இருந்த கடைசிச் சொட்டைக் குடித்தது அவர்தான். இனி அவளால் மிஸ்டு காலும் கொடுக்க முடியாது. தெரிவிக்க வேண்டிய சேதி போமாவில் கிடக்கிறது, அதில் கிழிந்த ஒரு துண்டு இவர் காதில் கிடக்கிறது. ஒன்பது வருடம் காத்துவந்த பிறகு, அதே அம்மாவுக்கு, அதே போனால், இரண்டாம் முறை.

ஜைலோசியின் கொட்டகைக்கு ஓடினார். ஜைலோசி ஒரு பாதி தலையை வெட்டி முடித்து மறுபாதிக்குத் திரும்பியிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது, உன் கூண்டில் இருக்கும் போன்களில் ஏதாவது ஒன்றில் கூப்பிட வேண்டியதுதானே என்றார். பிசிவிக் தலையை ஆட்டினார். சரி, பதினேழாம் அறையில் இருப்பது என்னுடையது, நானே சொல்கிறேன், எடுத்துப் பேசு என்றார் ஜைலோசி. ஆனால் அதிலும் பேலன்ஸ் இல்லை.

“ஒரு ரீசார்ஜ் கார்டு வாங்கிச் சுரண்டுய்யா. அந்தம்மா போன்லயே கூப்பிட்டு என்ன ஏதுன்னு கேட்டுடு.”

“கேட்டா?”

“கேட்டா என்ன? தெரிஞ்சிடும்.”

“எனக்குல்ல தெரிஞ்சிடும்” என்றார் பிசிவிக். “அது அவங்களுக்கு வர்ற சேதி. நல்லதோ கெட்டதோ, முதல்ல அவங்க காதுல விழணும். ஏற்கெனவே அரை வாக்கியத்தைத் திருடிட்டு நிக்கிறேன்.”

ஜைலோசி கத்தரியை மடக்கிவிட்டார். நாற்காலியில் இருந்த அரைத்தலை ஆசாமி சிரித்தார். சரி, வயலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வா, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜைலோசி இறங்கி வந்தார். அப்போதுதான் பிசிவிக் அவர் மனதை உண்மையிலேயே புண்படுத்தினார்.

“தப்பா எடுத்துக்காதே. இதெல்லாம் என்னை நம்பிக் குடுத்தது. உன்னை நம்பி ஒருத்தரும் குடுக்கல.”

“இருபது வருஷமா ஊரு என் கையில கழுத்தையே குடுக்குது, யோவ். போன் குடுக்க மாட்டீங்களோ?”

பிசிவிக் அதற்குள் கடைக்கு ஓடியிருந்தார். உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்து, முப்பத்தேழு போன்களையும் ஒவ்வொன்றாகத் துணி சுற்றி, அரைத்துண்டு அவிழாமல் பார்த்து, எண்ணி உள்ளே வைத்தார். பையை மூட்டைக்குள் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டி, மார்போடு அணைத்துக்கொண்டார். முப்பத்தெட்டாவது போனைச் சட்டைப்பையில் வைத்தார். கதவில் சாக்கட்டியால், ‘போன்கள் என்னோடு இருக்கின்றன. நானும் அவற்றோடு இருக்கிறேன். வருவேன்’ என்று எழுதிவிட்டு சைக்கிளில் ஏறினார். சந்தை முழுக்க எழுந்து நின்று பார்த்தது. பிசிவிக் கடையை விட்டுப் போவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மீன்காரி, “ஐயோ, என் போனைத் தூக்கிட்டு ஓடுறாரே” என்று பாதி விளையாட்டாகக் கத்தினாள். மீதிப் பாதி அவர் முதுகில் சுருக்கென்று குத்தியது.

வயல் ஐந்து கிலோமீட்டர். பாதை பூராவும் களிமண். கால்வாசி தூரத்திலேயே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்குப் பயந்து வேகமாக மிதித்தால் வழுக்குகிறது. விழுந்துவிடுவோமோ என்று மெதுவாகப் போனால் மழை முந்திக்கொள்ளும். ஓடைமேல் போட்டிருந்த மரத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் மூட்டையைப் பிடித்தபடி கடந்தார். தான் விழுந்தாலும் பரவாயில்லை, மல்லாக்க விழ வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த போன் வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. அடித்தபோது பட்ட பாட்டைவிட இந்த மௌனம் அவரை அதிகமாக வாட்டியது.

தியாமிகே அம்மா கடலைச் செடிக்கு நடுவில் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் கண்ணில், மார்பில் மூட்டையோடு வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பிசிவிக் பட்டார். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

பிசிவிக் போனை நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துண்டு கேட்க மறந்துபோனார். அந்த அம்மாதான் மண் ஒட்டிய விரலால் முடிச்சை அவிழ்த்து, செருப்புத் துண்டை அவர் கையில் வைத்தார். “இது இல்லாம நீங்க குடுக்கக் கூடாதுல்ல அண்ணே” என்றார். பிசிவிக் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தார். பொருந்தியது. போன் கை மாறியது.

“முதல்ல ஒண்ணு அடிச்சுது. அப்புறம் மூணு. மறுபடியும் மூணு.” அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். “நாலாவது தடவை நான் எடுத்துட்டேன். தப்புதான். சின்னப் பொண்ணு சொன்னதுல கொஞ்சம் என் காதுல விழுந்துடுச்சு. அதையும் வாங்கிக்கோங்க. ‘சொட்டுதான் இருக்கு. அக்காவ உள்ள கூட்டிட்டு.’ அவ்வளவுதான். நான் ஒண்ணும் கூட்டல, குறைக்கல.”

“மூணா?” என்றார் அந்த அம்மா. செடிமேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். “ஒண்ணுன்னா வலி கண்டிருக்கு. ரெண்டுன்னா புள்ள பொறந்து ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. மூணுன்னா கத்தி வைக்கப் போறாங்க, கெளம்பி வான்னு. அப்படித்தான் பேசிவச்சோம் அண்ணே.”

இரண்டு இன்னும் வரவில்லை. வராததற்கு, வர வழியில்லாமல் செய்த தன் கையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பிசிவிக்குக்குத் தோன்றியது. வரக்கூடிய சேதியே இல்லாமலும் இருக்கலாம் என்றும் தோன்றியது. அந்த நினைப்பை அவரால் முழுதாக நினைக்க முடியவில்லை. “ஏறுங்க, தார்ச்சாலையில வண்டி பிடிச்சிடலாம்” என்றார். தியாமிகே அம்மா கால் மண்ணைக்கூடக் கழுவாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார். முன்னால் மூட்டை, பின்னால் அந்த அம்மா, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு பிசிவிக். பெருந்துளி விழ ஆரம்பித்தது. அந்த அம்மா போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

கடலை வயல்கள் முடிகிற இடத்தில், அவர் முதுகுக்குப் பின்னால், போன் அடித்தது.

பிசிவிக் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினார். லொவெனி யார் போனையோ இரவல் வாங்கியிருக்க வேண்டும். தியாமிகே அம்மா குதித்து இறங்கும் சத்தம் கேட்டது. அந்த ஒரு மணியைக் கேட்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. அடுத்தது வருவதற்குள் இறங்கி, முதுகைக் காட்டி நின்று, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குள் அழுத்தினார். அந்த அம்மாவின் முகம் எங்கேயாவது தெரிந்து தொலைக்குமோ என்று கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

காதுக்குள் அவருடைய ரத்தம் மட்டும் ஓடியது. ஒன்றோடு நின்றதா, இரண்டா, மூன்றா என்று அவருக்குத் தெரியாது. மூட்டையின் மேல் மழை விழுவது நெஞ்சில் படபடவென்று தட்டியது. இவ்வளவு நேரமா ஆகும் ஒரு பெண்ணுக்கு மூன்று வரைக்கும் எண்ண என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அழுத்திய விரல்களையும் தாண்டி உள்ளே வந்தது, முதலில் மெல்லிசாக, அப்புறம் உடைத்துக்கொண்டு, தியாமிகே அம்மாவின் குலவை. களை கொத்திக்கொண்டிருந்த பெண்கள் எதற்கு என்று கேட்காமலே அதை வாங்கி, வயலுக்கு வயல், தார்ச்சாலை வரைக்கும் கொண்டுபோனார்கள். மூடிய கண்ணிலிருந்து பிசிவிக்குக்குத் தாரைதாரையாக வழிந்தது. அந்த அம்மா முன்னால் வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் நின்ற இடத்திலேயே, மார்பில் முப்பத்தேழு போன்களோடு, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி அழுதார். காதிலிருந்து விரலை மட்டும் எடுக்கவில்லை.